மோட்டுவளையைப் பார்க்கும் பையன் சோம்பேறியா?

நெல்லைப் படியால் அளக்கிறோம். பூவை முழத்தால் அளக்கிறோம். மனத்தில் புதிதாகத் தோன்றும் யோசனையை எதைக் கொண்டு அளப்பது?

அதையும் அளக்கலாம் என்கிறார்கள் மனோதத்துவ நிபுணர்கள்!

பள்ளிக்கூடத்துக்குச் சக்கரம்!

அமெரிக்க நிபுணர் கில்போர்டு 1950-ம் ஆண்டில் இந்த ஆராய்ச்சிக்குப் பெரிய தூண்டுதல் கொடுத்தார். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்று பாக்கர் மெஹ்தி என்பவர் 1973-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்.

அதில் கணக்கும் கிடையாது, சரித்திரமும் கிடையாது. "பள்ளிக்கூடத்துக்குச் சக்கரம் இருந்தால் என்ன நடக்கும்?", "கல்லை எதற்கெல்லாம் உபயோகிக்கலாம்?" என்பன போன்ற கேள்விகள்தாம்!

எத்தனை விடைகள், அவை எத்தனை வகை என்று பார்த்து மார்க்குப் போடுவார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தோன்றாத விடை என்றால், அதற்குத் தனி மார்க்கு உண்டு.

கண் சொல்லும் சேதி

மனம் வேலை செய்வதைக் கண்ணும் காட்டிக் கொடுக்கிறது. படத்தைப் பார்க்கும்போது நம் கண் விநாடிக்கு மூன்று, நான்கு தடவை இடம் விட்டு இடம் தாவுகிறது. அமெரிக்கரான பஸ்வெல், 200 பேருடைய கண்கள் போன வழியைப் பதிவு செய்து 1935-ல் புத்தகமாக வெளியிட்டார்.

பிறகு ருஷ்ய விஞ்ஞானி யார்பஸ் ஒரு விந்தையைக் கண்டார். ஒரே படம்தான். "இவர்களுக்கு என்ன வயது?" என்று கேட்டால் கண் முகங்களுக்கு ஓடியது. "இவர்கள் வசதி படைத்தவர்களா?" என்றால் துணிமணிக்கும் மேஜை நாற்காலிக்கும் ஓடியது!

2015-ல் இன்னொரு ஆராய்ச்சி வெளிவந்தது. சொற்புதிர் ஒன்றுக்கு விடை பளிச்சென்று தோன்றுவதற்குச் சற்று முன், பலர் அதிகமாகக் கண் சிமிட்டினார்கள். புதிரை விட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஆகவே, பாடம் படிக்கும்போது மோட்டுவளையைப் பார்க்கும் பையனை உடனே அதட்டாதீர்கள். அவன் யோசித்துக் கொண்டிருக்கலாம். அதற்காக, மோட்டுவளையைப் பார்ப்பவர்கள் எல்லாரும் மேதைகள் என்று அர்த்தமல்ல!

மார்க்கில் ஒரு சிக்கல்

தேனி மாவட்டம் கடமலைக்குண்டுப் பக்கம் இலவ மரங்கள் உண்டு. "இலவங்காயின் ஓடு எதற்கு உதவும்?" என்று கேட்டால், "அடுப்பெரிக்க" என்று அங்குள்ள பிள்ளை சட்டென்று சொல்லும். ஊரில் அது சாதாரண விடை. சென்னைப் பிள்ளைகளோடு சேர்த்துத் திருத்தினால், அதுவே அபூர்வ விடையாகிவிடும்! அதுபோல, பார்த்தே அறியாத பொருளைப் பற்றிக் கேட்டால், கெட்டிக்காரப் பிள்ளையும் திருதிருவென்று விழிக்கும்.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து மார்க்கு மாறும். கண்ணில் படாமல் இருக்கும் திறமைசாலியைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை உதவட்டும். குறைந்த மார்க்கைக் காட்டி எந்தப் பிள்ளையையும் ஒதுக்கி வைக்க வேண்டாம்.

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து வையுங்கள். "இதை வைத்து என்னென்ன செய்யலாம்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். விசித்திரமான விடை வந்தால் கேலி செய்யாதீர்கள். "அப்புறம்?" என்று கேளுங்கள்!