ஐரோப்பிய வீரன் கையில் நம்ம ஊர்ப் பிரம்பு! தெரியுமா?

அமெரிக்காவில் தலைமுதல் கால்வரை இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு, பழைய ஐரோப்பியப் போர்வீரர்களாக மோதிப் பழகுகிறார்களே, அவர்கள் கையிலுள்ள வாள் எதனால் ஆனது தெரியுமா? பிரம்பு! நம் பிள்ளைகள் சிலம்பம் சுற்றுகிற அதே பிரம்பு! 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லையில் பிறந்த எஸ்.சி.ஏ. என்ற அமைப்பின் விதியே அதுதான். கவசச் சண்டைக்குப் பிரம்பு வாள், தடிமன் குறைந்தது ஒன்றேகால் அங்குலம்.

ஏன் பிரம்பு? மூங்கில் உள்ளே வெற்றிடம். அடி விழுந்தால் நெடுக்கப் பிளந்து சிம்பு சிம்பாக நிற்கும், கண்ணைக் குத்தும். பிரம்போ 100 மீட்டருக்கு மேலும் ஏறிப் படரும் பனைக் குடும்பத்துக் கொடி. உள்ளே முழுக்க நார். அடிபட்ட இடம் நைந்து, துடைப்பம் மாதிரி விரியுமே தவிர, கூரான துண்டாகத் தெறிக்காது. எதிரில் நிற்பவர் மேல் இத்தனை கருணை உள்ள ஆயுதம் வேறென்ன இருக்கிறது!

ஐரோப்பிய வீரர்கள் என்றதும் இன்னொன்று, தெரியுமா? மலேசியாவின் புத்ராஜெயா எழுந்த மண்ணில் இருந்த பிராங் பெசார் ரப்பர் தோட்டத்தை 1921இல் தொடங்கியவர்கள், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்கள்! அங்கே பால் வெட்டிய நம்மவர்களின் குடும்பங்கள்தான், புத்ராஜெயாவுக்காகத் தோட்டம் போனபின், டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தன. ஐரோப்பிய வீரர்களின் தோட்டம் மறைந்தது. தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்கள் கூடவே கொண்டுவந்த சிலம்பமோ மலேசியாவில் இன்றும் உயிரோடிருக்கிறது! நெற்றி மட்டத்துக்குக் கம்பை நறுக்கி, வளைத்துப் பார்த்து, நுனியைத் தேய்த்து மழுக்கிக் கொடுக்கும் ஆசானைப் பார்த்திருக்கிறீர்களா? பயிற்சி ஆயுதம் தேர்ந்தெடுக்கும் பாடம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

சரி, ஐரோப்பாவுக்கு வருவோம். அவர்களின் வாள்வித்தை நடுவில் அறுந்துபோனது. இன்று ஏட்டைப் பார்த்துத்தான் மீட்கிறார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகர அரச ஆயுதக் காட்சியகத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஏடு ஒன்று இருக்கிறது, கிடைத்தவற்றிலேயே பழையது. அதில் வாளும் சிறுகேடயமுமாகப் பாடம் சொல்பவர் யார் தெரியுமா? ஒரு பாதிரியார்! கடைசிப் படங்களில் அவரோடு வாள் பிடித்து நிற்பது ஒரு பெண், பெயர் வால்பூர்கிஸ்! ஜெர்மானிய ஆசான் லீக்டனவர் தன் வித்தையைச் செய்யுளாக, நம் சித்தர் பாடல்போல மறைபொருளாக வைத்துப்போனார். பின்வந்தவர்கள் உரை எழுதி அவிழ்த்தார்கள். இத்தாலியரான பியோரே 1410 வாக்கில் படம்போட்டே விளக்கிவிட்டார்.

இருகைப் பிடி நீளவாள் பத்துக் கிலோ என்று சினிமா பார்த்து நம்புகிறோமே, உண்மையில் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவைச் சுற்றித்தான்! பயிற்சிக்கு 'ஃபெடர்' என்று ஒரு எஃகு வாள் உண்டு. பிடியை அடுத்த இடத்தில் சிறு கேடயம்போல அகலம், அதற்கு மேல் ஒல்லி. விளிம்பு மழுங்கல், நுனி சுருட்டியிருக்கும். குத்தினால் வில்லாக வளைந்துவிடும். வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், அந்த வளைவைப் பாருங்கள். வளையாத வாள் எதிராளியின் விலா எலும்பில் இறங்கும். எடையை மட்டும் கேட்டாலும் போதாது. பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள குறுக்குக் கம்பியிலிருந்து சுமார் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டருக்குள் விரல்மேல் சமமாக நின்றால் கை சோராது. புதியவர்கள் நைலான் வாளில் தொடங்கலாம். எதுவானாலும் முகக்கவசமும் கையுறையும் முதலில், வாள் அப்புறம்! மலேசியாவில் உறையில் மூடி, நேராகப் பயிற்சிக்கூடத்துக்கே கொண்டுபோங்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வியப்பு. ஐரோப்பிய வாள் தமிழனுக்குப் புதிதே இல்லை! தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையில் இருந்த கட்டாரிகள் பலவற்றின் அலகு, ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த வாளை நறுக்கிச் செய்தது. பிடி தஞ்சைக் கொல்லன் வேலை, இரும்பு மேற்கத்தியது. அந்த ஆயுதசாலைப் பொருட்களில் ஒரு பகுதி இன்றும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் நேரில் பார்த்துவிட்டு வரலாம்!