பழைய டிராக்டரில் திடீர் நீர்க்கசிவு

பட்டு நெய்யும் நம் ஆரணியில் இழை அறுந்தால் தறியை நிறுத்தித்தான் முடிச்சுப் போடுவார்கள். டிராக்டருக்கும் அதே முறைதான். வெப்பமானி முள் சிவப்புக்கு ஏறியதும் எஞ்சினை நிறுத்துங்கள்.

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருந்த நீர், மூடி கழன்றதும் ஆவியாய்ச் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும். பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீங்க. சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

நன்றாக ஆறியபின் ரேடியேட்டர், ஹோஸ், கிளிப், வாட்டர் பம்பு ஆகியவற்றில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். வெளியே ஈரமில்லாமல் நீர் குறைகிறதா? ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் நீர் உள்ளே கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்புறம் ஸ்டார்ட் செய்யவே கூடாது. வழுவழுப்பு இழந்து பேரிங் தேய்ந்துபோகும். கேஸ்கெட்டோடு முடிய வேண்டிய செலவு எஞ்சின் வரை போய்விடும்.

உழவு ஒருநாள் தள்ளிப் போனால் பாதகமில்லை.