ஐஸ் ஹவுஸ்: கடற்காற்றுக்குத் திறந்த வீடு
காமராசர் சாலை, சென்னை. கட்டிய ஆண்டு 1842

அமெரிக்காவிலிருந்து டியூடர் நிறுவனம் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு இது. வெப்பம் உள்ளே புகாதபடி அடைத்து வைப்பதே அன்றைய தேவை. இந்தியாவிலேயே பனிக்கட்டி தயாரிக்கத் தொடங்கியதும் அந்த வணிகம் நின்றது.

பின்னர் இதை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்கார் கட்டடத்தின் இயல்பையே மாற்றினார். வளைந்த தாழ்வாரங்களையும் ஏராளமான சன்னல்களையும் அமைத்து, ‘காசில் கெர்னன்’ என்று பெயரிட்டுக் குடியேறினார். கோடைப் பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றை வீட்டுக்குள் அழைக்கும் அமைப்பு இது. சென்னைக் கடற்கரையில் வீடு கட்டுவோருக்கு இன்றும் நல்ல பாடம்.

1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இங்கே தங்கி உரையாற்றினார். 1963இல் இது ‘விவேகானந்தர் இல்லம்’ ஆனது.