உங்கள் கடைக்கு ஒரு வெப்சைட்: எந்தச் சேவையைத் தேர்ந்தெடுப்பது?

சிறிய அளவில் தொழில் செய்பவர்களிடமும் இன்று சொந்தமாக ஒரு வெப்சைட் வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துபவர், பாம்பனில் கருவாடு விற்பவர், சாயல்குடியில் கருப்பட்டி காய்ச்சுபவர், ராமநாதபுரத்தில் குண்டு மிளகாய் வியாபாரி என யாராக இருந்தாலும், வெளியூர் வாடிக்கையாளர் முதலில் தேடுவது செல்போனில்தான். சரி, வெப்சைட்டை எதில் அமைப்பது? வேர்ட்பிரஸ், விக்ஸ், ஷாப்பிபை, ஜோஹோ, பிளாக்கர், கூகுள் சைட்ஸ் எனப் பட்டியல் நீள்கிறது. எல்லாமே பத்து நிமிடத்தில் வெப்சைட் என்றுதான் விளம்பரம் செய்கின்றன.

பெரும்பாலானோர் டிசைனையும் விலையையும் மட்டும் பார்த்து முடிவெடுக்கின்றனர். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தச் சேவை நாளை நிறுத்தப்பட்டால் நம் கையில் என்ன மிஞ்சும்? இதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை எளிது.

இலவசமாகக் கொடுத்தவை என்ன ஆயின?

1994ல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் சேவையை 1999ல் யாஹூ வாங்கியது. லட்சக்கணக்கானோர் அதில் இலவசப் பக்கங்கள் அமைத்தனர். 2009 அக்டோபர் 26 அன்று அது மூடப்பட்டது. சிறு தொழில்களுக்கென மைக்ரோசாப்ட் நடத்திய ஆபீஸ் லைவ் ஸ்மால் பிசினஸ் 2012ல் நின்றது.

நம் ஊர்க் கடைக்காரர்களை அதிகம் தொட்டது கூகுள் தந்த வசதி. கூகுள் மேப்பில் கடையைப் பதிந்தவர்களுக்கு 2017 முதல் ஒரு பக்க வெப்சைட் இலவசமாகக் கிடைத்தது. அதன் முகவரி "பிசினஸ் டாட் சைட்" என முடியும். பலர் அதையே விசிட்டிங் கார்டிலும் போர்டிலும் அச்சிட்டு வைத்தனர். 2024 மார்ச்சில் இந்த வெப்சைட்டுகள் நிறுத்தப்பட்டன. ஜூன் 10 வரை பழைய முகவரியைக் கிளிக் செய்தவர்கள் கடையின் மேப் பதிவுக்குத் திருப்பி விடப்பட்டனர். அதன் பின் பக்கம் இல்லை என்ற செய்திதான் வந்தது. மேப் பதிவு இன்றும் இருக்கிறது. ஆனால் அச்சிட்ட முகவரி வீணானது.

இதில் சொந்தமாக டொமைன் பெயர் வாங்கி அதனுடன் இணைத்திருந்தவர்களுக்குப் பாதிப்பு குறைவு. வேறு சேவையில் புதிய பக்கம் அமைத்து, அதே பெயரை அங்கே திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. போர்டை மாற்ற வேண்டியதில்லை.

முதலில் பெயர், பிறகுதான் பக்கம்

எனவே எந்தச் சேவையைத் தேர்ந்தெடுத்தாலும் டொமைன் பெயரைத் தனியாக, உங்கள் பெயரில் வாங்கவும். டாட் காம் அல்லது டாட் இன் போதும். டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. 2005 முதல் இது பொதுமக்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. ஆண்டுக் கட்டணம் பொதுவாகச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை இருக்கும். முதல் ஆண்டு 99 ரூபாய் என்று போட்டிருந்தால், இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க எவ்வளவு என்பதையும் பார்த்துவிடவும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெப்சைட் அமைத்துத் தருபவரே டொமைனைத் தன் இமெயிலில் பதிவு செய்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. அவர் ஊர் மாறினாலோ, தொழிலை விட்டாலோ உங்கள் கடைப் பெயர் அவர் கையில் இருக்கும். பதிவு உங்கள் இமெயில், உங்கள் செல்போன் எண்ணில்தான் இருக்க வேண்டும். கெடு முடிவதற்கு ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கவும். கெடு தாண்டிய டாட் காம் பெயர் மீட்புக் கட்டத்துக்குப் போய்விட்டால் திரும்பப் பெற 30 நாட்களும் கூடுதல் கட்டணமும்தான் வழி. அதையும் தவறவிட்டால் வேறு யாரும் வாங்கிக் கொள்ளலாம்.

உங்கள் தேவை எந்த வகை?

1. அறிமுகம் மட்டும்: கடையின் பெயர், படங்கள், போன் எண், வழி, நேரம். ஆர்டர் எல்லாம் போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான் என்றால் ஐந்து பக்கம் போதும்.

2. முன்பதிவு: லாட்ஜ், வேன், படகு சவாரி போன்றவை. எந்தத் தேதியில் இடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

3. விற்பனை: பொருள், எடை, விலை, கையிருப்பு, பணம் செலுத்தும் வசதி, கூரியர் கட்டணம் எல்லாம் வேண்டும்.

முதல் வகைக்கு மூன்றாம் வகையின் சேவையை வாங்கினால் மாதக் கட்டணம் வீண். மூன்றாம் வகைக்கு முதல் வகை போதாது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. கருவாடு விற்பவரிடம் நெத்திலி தீர்ந்த பிறகும் வெப்சைட் ஆர்டர் எடுத்துக் கொண்டிருந்தால், பணத்தைத் திருப்பி அனுப்புவதே வேலையாகிவிடும். கையிருப்பு எண்ணிக்கை பூஜ்யமானதும் தானாக நிறுத்தும் வசதி அவருக்கு அவசியம்.

லாட்ஜ்காரருக்கு வேறு தேவை. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6ல் புதிய பாலம் திறக்கப்படும் வரை ரயில்கள் ராமேஸ்வரம் வரவில்லை. எங்கே இறங்கி எப்படி வருவது என்று ஒரு வரி மாற்றி எழுத, அமைத்துக் கொடுத்தவரைத் தேடி அலையக் கூடாது. உரிமையாளரே செல்போனில் திருத்தும்படி இருக்க வேண்டும். வட மாநில யாத்ரிகர்கள் அதிகம் வருவதால் தமிழ், ஆங்கிலம், ஹிந்தி என மூன்று மொழிப் பக்கங்களும் தேவை.

எந்தச் சேவையில் என்ன கிடைக்கும்?

பிளாக்கர், கூகுள் சைட்ஸ்: இரண்டும் கூகுளுடையவை, இலவசம். சொந்த டொமைனை இணைக்கலாம். முதல் வகைக்குப் போதும். விற்பனை, முன்பதிவு வசதிகள் இல்லை.

விக்ஸ்: இழுத்து வைத்துப் பக்கம் அமைப்பது மிக எளிது. பல மொழி வசதி, முன்பதிவு, கடை எல்லாம் உண்டு. ஆனால் சொந்த டொமைனுக்குக் கட்டணத் திட்டம் தேவை. இங்கே அமைத்த வெப்சைட்டை அப்படியே வேறு சர்வருக்கு எடுத்துச் செல்ல முடியாது. மாறினால் புதிதாகத்தான் அமைக்க வேண்டும்.

ஷாப்பிபை: கனடா நிறுவனம். முழுக்க விற்பனைக்கானது. கையிருப்பு, கூரியர், தள்ளுபடி எல்லாம் தயாராக இருக்கும். மாதக் கட்டணம் உண்டு. பொருள் பட்டியலை சி.எஸ்.வி. பைலாக டவுன்லோட் செய்து கொள்ளலாம்.

ஜோஹோ: சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். அறிமுகப் பக்கங்களுக்கு ஜோஹோ சைட்ஸ், விற்பனைக்கு ஜோஹோ காமர்ஸ் எனத் தனித்தனியே உள்ளன. ரூபாயில் பில், இந்திய வரிக்கு ஏற்ற கணக்கு என்பது இதன் வசதி.

வேர்ட்பிரஸ்: 2003ல் வந்த இலவச சாப்ட்வேர். உலக வெப்சைட்டுகளில் பத்துக்கு நான்குக்கு மேல் இதில்தான் இயங்குகின்றன. ஊகாமர்ஸ் என்ற இணைப்பைச் சேர்த்தால் கடையாகிவிடும். ஹோஸ்டிங் பிடிக்கவில்லை என்றால் மொத்தத்தையும் வேறு இடத்துக்கு மாற்றலாம். ஆனால் அப்டேட், பேக்அப், பாதுகாப்பு எல்லாம் உங்கள் பொறுப்பு. பார்த்துக் கொள்ள ஆள் இல்லாவிட்டால் ஹேக் ஆகும் வாய்ப்பு அதிகம்.

பணமும் பதிவுகளும்

ஆன்லைனில் பணம் பெற பேமென்ட் கேட்வே நிறுவனத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு விற்பனைக்கும் பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டி கட்டணம் பிடிப்பர். 400 ரூபாய் மிளகாய் ஆர்டரில் 8 ரூபாய் போகும். இதை விலையில் சேர்த்துக் கணக்கிடவும்.

வரி விதிப்புக்கு உட்பட்ட சரக்கை உங்கள் வெப்சைட் வழியாக வேறு மாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு தேவை. உணவுப் பொருள் என்றால் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எண்ணும் வேண்டும். ராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023ல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவர்களே அந்தக் குறியீட்டைப் போடலாம். வெப்சைட் அமைக்கும் முன் ஆடிட்டர் ஒருவரிடம் இவற்றைக் கேட்டுக் கொள்வது நல்லது.

போலிகளிடமிருந்து பெயரைக் காக்க

2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் கிரைம் ஒருங்கிணைப்பு மையம், யாத்ரிகர்களைக் குறிவைக்கும் போலி வெப்சைட்டுகள் பற்றி எச்சரித்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட், சோம்நாத் தங்கும் அறை என்று பணம் பறிக்கப்பட்டது. யாத்திரைத் தலமான ராமேஸ்வரத்துக்கும் இது பொருந்தும். உங்கள் லாட்ஜின் படத்தைக் காப்பியடித்து யாரும் ஒரு பக்கம் அமைக்கலாம். சொந்த டொமைனையே கூகுள் மேப் பதிவு, ரசீது, வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி போட்டு வந்தால், வாடிக்கையாளர் எது உண்மை என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஏமாற்றப்பட்டவர்கள் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

பணம் கட்டும் முன் ஐந்து சோதனைகள்

1. இலவச அல்லது சோதனைக் கணக்கில் இரண்டு பக்கம் அமைத்து, உங்கள் செல்போனிலேயே ஒரு விலையை மாற்றிப் பார்க்கவும்.

2. தமிழை யுனிகோடில் டைப் செய்யவும். பாமினி போன்ற பழைய பாண்ட்டில் அடித்த பக்கம் தேடலில் சிக்காது.

3. வைபை இல்லாமல், சிக்னல் குறைவான இடத்தில் திறந்து பார்க்கவும். 4 எம்.பி. படங்களை 200 கே.பி. அளவுக்குக் குறைத்துப் போடவும்.

4. பேக்அப் அல்லது எக்ஸ்போர்ட் பட்டன் எங்கே இருக்கிறது, அதில் என்ன பைல் வருகிறது என்று பார்க்கவும்.

5. மூன்று ஆண்டு மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்கவும். டொமைன், ஹோஸ்டிங் அல்லது மாதக் கட்டணம், பேமென்ட் கட்டணம், பராமரிப்பு ஆள் கூலி எல்லாம் சேர்த்து.

நேரமும் ஆளும் இல்லாத அறிமுகக் கடைக்கு கூகுள் சைட்ஸ் அல்லது பிளாக்கருடன் சொந்த டொமைன் போதும். தினமும் கூரியர் அனுப்பும் கடைக்கு ஷாப்பிபை அல்லது ஜோஹோ காமர்ஸ். பார்த்துக் கொள்ளத் தெரிந்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் வேர்ட்பிரஸ். எதுவானாலும் டொமைன் பாஸ்வேர்டையும் புதுப்பிக்கும் தேதியையும் கடைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைக்கவும்.