மணிக்கு ஒத்தடம்!

உங்கள் வீட்டில் நாய் உண்டா? இல்லாவிட்டாலும் பாதகமில்லை, ஒத்தடம் கொடுக்கும் வழக்கம் நிச்சயம் உண்டு. இடுப்பில் பிடிப்பா, உப்பு ஒத்தடம். கணுக்காலில் சுளுக்கா, தவிட்டு ஒத்தடம். நம் குடும்பங்களில் டாக்டருக்கு முன்னால் வந்து நிற்பது இந்த ஒத்தட மூட்டைதான். அந்த மூட்டையால் எங்கள் மணியை நான் என்ன பாடு படுத்தினேன் என்பதையும், பிறகு ஒத்தடத்தின் பேத்தி ஒருத்தி வந்து அவனுக்கு எப்படிக் கை கொடுத்தாள் என்பதையும் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு நாள் மாலை தெருமுனையில் திரும்பிய ஆட்டோ ஒன்று மணியின் பின்தொடையில் இடித்துவிட்டது. ரத்தக் காயம் இல்லை. ஆனால் மூன்று காலால் நொண்டிக்கொண்டு வந்து வாசற்படியில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

"உப்பை வறுத்து ஒத்தடம் கொடும்மா. பொழுது விடிஞ்சா ஓடுவான்" என்றார் என் மாமியார்.

நானும் இரவு 10 மணி வரை சுடச்சுடக் கொடுத்தேன். பொழுது விடிந்தது, மணி ஓடவில்லை. தொடைதான் இரு மடங்காக வீங்கியிருந்தது!

கால்நடை டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்புக்குச் சேதமில்லை, தசைதான் கிழிந்திருந்தது. "சூடாக ஏதாவது வைத்தீர்களா?" என்று கேட்டார். நான் குற்றவாளியைப் போல் தலையாட்டினேன்.

"அடிபட்ட புதிதில் உள்ளே மெல்லிய ரத்தக் குழாய்கள் உடைந்து கசிந்துகொண்டிருக்கும், அம்மா. உஷ்ணம் பட்டால் குழாய்கள் விரியும், வீக்கம் அதிகமாகும். முதல் 2, 3 நாட்களுக்குக் குளிர்ச்சிதான் நல்லது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு தடவைக்கு 10 நிமிஷம் வையுங்கள். வீக்கம் வற்றிய பிறகுதான் உஷ்ணத்தின் முறை" என்றார்.

அன்று இரவு நான் ஐஸ் வைத்தபோது மணி என் கையை நக்கினான். முதல் நாள் சுட்ட கை என்பது அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் நக்கினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு வாரத்தில் வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் தசை இறுகிப்போய், காலை ஊன்றவே மறுத்தான். "அல்ட்ரா சவுண்ட் கொடுத்துப் பார்க்கலாமா?" என்றார் டாக்டர்.

வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பார்க்கும் ஸ்கான் அல்லவா அது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அதே குடும்பந்தான், வேலை வேறு. இங்கே ஒலியைச் செலுத்துவது படம் பிடிக்க அல்ல, உள்தசையைச் சூடாக்க. வினாடிக்கு 10 லட்சம் தடவை அதிரும் ஒலி. நாயின் கூர்மையான காதுக்குக்கூட எட்டாது. நம் உப்பு மூட்டையின் சூடு பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். இந்த ஒலியோ சில சென்டிமீட்டர் ஆழம்வரை இறங்கி அங்கே உஷ்ணமாக மாறுகிறது. ஒத்தடத்தின் பேத்தி என்று நான் சொன்னது இவளைத்தான்!

முதலில் தொடை ரோமத்தை மழித்தார்கள். ரோமத்துக்குள் இருக்கும் காற்று ஒலியைத் தடுத்துவிடுமாம். பிறகு பசை போன்ற ஜெல்லைத் தடவி, கருவியின் தலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக நகர்த்திக்கொண்டே இருந்தார் டாக்டர். நிறுத்தினால் அந்த இடம் உள்ளே வெந்துவிடும். நான் மணியின் தலையை மடியில் பிடித்துக்கொண்டேன். உடம்பெல்லாம் நடுங்கியவன், ஐந்தாவது நிமிஷம் கண்ணை மூடிவிட்டான்! அந்தச் சூடு ஆறுவதற்குள் டாக்டர் காலை மெல்ல மடக்கி நீட்டினார். சூடான தசை சுலபமாக இணங்கும் அல்லவா?

நான்காம் தடவை போய் வந்த அன்று விரல் நுனி தரையைத் தொட்டது. மூன்றாம் வாரம், பேப்பர் போடும் பையனைக் கண்டு குரைத்துக்கொண்டே நான்கு காலால் வாசலுக்குப் போனான். "ஒலியால் எவ்வளவு, ஓய்வால் எவ்வளவு என்று பங்கு பிரிக்க முடியாது" என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இன்னமும் வேகமாக ஓடினால் சற்று நொண்டுகிறான்.

டாக்டர் அனுமதித்த பிறகு வீட்டில் ஒத்தடம் கொடுப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பச்சைக் குழந்தையின் குளியல் நீரில் முழங்கையை வைத்துப் பார்ப்போமே, அதுபோல முதலில் உங்கள் கையில் சூடு பாருங்கள். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றியே வையுங்கள். 10 அல்லது 15 நிமிஷம் போதும். நாயைக் கட்டிப்போடாதீர்கள், சுட்டால் அது நகர்ந்துகொள்ள வேண்டும். நாயின் உடம்பு இயல்பாகவே 101, 102 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்கவும் வழியில்லை. மூச்சிரைத்தால் நிறுத்திவிடுங்கள். புண், சீழ், கட்டி உள்ள இடத்தில் சூடு கூடவே கூடாது. நாம் சாப்பிடும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். சில மாத்திரைகள் அதற்கு விஷம்.

போன வாரம் எதிர்வீட்டு அம்மாள், பிள்ளை பந்து விளையாடி முழங்காலைச் சுளுக்கிக்கொண்டு வந்திருக்கிறான், வறுத்துக் கட்டக் கொஞ்சம் கல்லுப்பு வேண்டும் என்று வந்தார். டப்பாவைக் கையில் எடுத்த என் மாமியார், திறக்காமலே கேட்டார்: "அடிபட்டு எத்தனை நாளாச்சு?"