மஞ்சளையும் தொடும் காந்தம்

போதமலைக்கும் கொல்லிமலைக்கும் அடிவாரத்தில் இருக்கிறது நாமகிரிப்பேட்டை. நாதஸ்வரத்துக்கு ஒரு கிருஷ்ணனைத் தந்த ஊர். மஞ்சளுக்கும் பேர் போனது. விரலி, உருண்டை, பனங்காளி என்று தரம் பிரித்த மூட்டைகள் இங்கே ஏலத்துக்கு வருகின்றன. வெந்து, வெயிலில் காய்ந்து, இரும்பு டிரம்மில் உருண்டு மெருகேறிய மஞ்சள் அது.

மஞ்சளை வாங்கிப்போய் அரைக்கும் மில்லில், மஞ்சள் விழும் வாயில் ஒரு காந்தம் பொருத்துவது வழக்கம். மூட்டையோடு வந்த ஆணி, கம்பித் துண்டு, எந்திரத்தில் தேய்ந்த இரும்புத் துகள் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் மட்டும் கீழே இறங்கும். ஒட்டியதை வழித்துப் பார்த்தால், மஞ்சள் தூசுக்கு நடுவே கறுப்புத் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிலிர்த்து நிற்பது தெரியும்.

காந்தம் இழுக்கும் பொருள், இழுக்காத பொருள் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்துத்தான் சின்ன வகுப்பில் படித்தோம். ஆரம்பத்துக்கு அது போதும். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் கையில் மிஞ்சும். காந்தப் புலத்துக்கு அசைந்து கொடுக்காத பொருள் என்று எதுவுமே இல்லை. கீழே இறங்கிய அந்த மஞ்சளையும் காந்தம் சும்மா விடவில்லை. இழுப்பதற்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லத் தள்ளிவிட்டது.

இந்தத் தள்ளும் குணத்துக்கு டயா காந்தம் என்று பெயர். 1845-ல் மைக்கேல் ஃபாரடே இதை விரிவாக ஆராய்ந்தார். தண்ணீர், மரம், உப்பு, செம்பு, நம் உடம்பு எல்லாமே இந்த வகைதான். இவற்றில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக இருந்து ஒன்றின் காந்தத்தை மற்றொன்று ரத்து செய்துவிடும். வெளியிலிருந்து புலம் வந்தால் எலக்ட்ரான்களின் ஓட்டம் அதை எதிர்க்கும் விதமாக லேசாக மாறும். விளைவு மிகச் சிறியது. ஆனாலும் 1997-ல் நெதர்லாந்தில் ஆந்த்ரே கெய்ம் குழுவினர் சுமார் 16 டெஸ்லா புலத்தில் ஓர் உயிருள்ள தவளையையே அந்தரத்தில் மிதக்கவிட்டார்கள். நம் ஊர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எந்திரங்களில் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லாதான்.

ஜோடி சேராத எலக்ட்ரான் இருந்தால் பொருள் லேசாக இழுபடும். அது பாரா காந்தம். அலுமினியமும் ஆக்சிஜனும் இப்படி. திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால், கீழே சிந்தாமல் அங்கேயே தொங்கி நிற்கும். இரும்பு, நிக்கல், கோபால்ட் மூன்றின் கதை வேறு. அவற்றின் அணுக்கள் தனித்தனியே இயங்காமல் கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் அணிவகுக்கின்றன. அதனால்தான் இழுப்பு அவ்வளவு பலம். இந்த ஃபெர்ரோ காந்தமும் நிரந்தரமல்ல. இரும்பை சுமார் 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சினால் அணிவகுப்பு கலைந்துபோகும்.

இதையெல்லாம் பார்க்க சேலம், நாமக்கல் வட்டாரத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இரு புவியியலாளர்கள் 1864-ல் வெளியிட்ட ஆய்விலேயே கஞ்சமலை, கோதுமலை, கொல்லிமலை, தீர்த்தமலைப் பகுதிகளின் இரும்புப் பாறைகள் பதிவாகிவிட்டன. அதற்கு முன்பே, ஓடையில் ஒதுங்கும் கறுப்பு மணலை அரித்தெடுத்து உலையில் இட்டு இரும்பு உருக்கியவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். அந்தக் கறுப்பு மணல்தான் மேக்னடைட்.

கஞ்சமலையில் மேக்னடைட் தனியாகக் கிடைப்பதில்லை. குவார்ட்ஸோடு வரிவரியாகக் கலந்தே இருக்கிறது. பிரிக்கும் வழி மஞ்சள் மில்லின் வழியேதான். பாறையைப் பொடித்துக் காந்த உருளைமேல் விட்டால் மேக்னடைட் ஒட்டிக்கொள்ளும், டயா காந்தமான குவார்ட்ஸ் உதிர்ந்துவிடும்.

அதே கஞ்சமலை அடிவாரத்தில் 1981-ல் உற்பத்தியைத் தொடங்கியது சேலம் உருக்காலை. மலையில் இருப்பது காந்தம் கவ்வும் கல். ஆலையில் உருட்டி வரும் எவர்சில்வர் தகட்டிலோ காந்தம் கவ்வாத வகையும் உண்டு. 304 என்னும் அந்த ரகத்தில் சுமார் 70 சதவீதம் இரும்புதான். கூடவே 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்வதால் அணுக்களின் அடுக்கு மாறி, பழைய அணிவகுப்பு நடக்காமல் போகிறது. நிக்கல் இல்லாத 430 ரகத்தில் அடுக்கு மாறாது, காந்தம் ஒட்டும்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு தப்பான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. காந்தம் ஒட்டினால் டூப்ளிகேட், ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர் என்று பாத்திரக் கடையில் காந்தத்தை வைத்துப் பார்க்கிறோம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான 200 வரிசைப் பாத்திரத்திலும் காந்தம் ஒட்டாது. 430 ஒட்டும், ஆனால் அசல்தான். இண்டக்‌ஷன் அடுப்புக்கோ, அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும். நல்ல 304 டம்ளரின் வளைந்த விளிம்பிலும்கூட காந்தம் லேசாகப் பிடிக்கும், ஏனென்றால் தகட்டை அழுத்தி வளைக்கும்போது அந்த இடத்தில் மட்டும் அணு அடுக்கு கொஞ்சம் மாறிவிடுகிறது. ஆகவே கடையில் காந்தத்தை நம்பாதீர்கள். ரகம் என்னவென்று கேட்டு வாங்குங்கள்.

மஞ்சள் தூளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. இரும்புத் துகள் இருந்தால் காந்தம் காட்டிக்கொடுக்கும். பளிச்சென்ற நிறத்துக்காகச் சிலர் கலக்கும் ஈயக் குரோமேட் ஒரு நஞ்சு. அது காந்தத்தில் ஒட்டவே ஒட்டாது. ஆய்வகச் சோதனைதான் அதை உறுதிசெய்யும்.

ஒட்டாத பொருள்களின் மெல்லிய அசைவை வைத்தே உலகப் பெயர் பெற்றவர் நம் வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமனோடு ராமன் விளைவில் உழைத்த அதே கிருஷ்ணன்தான். 1928-ல் டாக்கா பல்கலைக்கழகம் போன அவர், சின்னஞ்சிறு படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை எவ்வளவு திரும்புகின்றன என்று அளந்தார். நாஃப்தலீன் போன்ற படிகங்கள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி விலகுவதில்லை. மூலக்கூறின் தட்டையான வளையம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதைப் பொறுத்துத் தள்ளுவிசை கூடும், குறையும். அந்தத் திருப்பத்திலிருந்து உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையே அவர் கணக்கிட்டார். 1940-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ராமனைத் தெரிந்த அளவுக்குக் கிருஷ்ணனை நம் பிள்ளைகளுக்குத் தெரியாதது பெரிய குறை.

சேலம், நாமக்கல் வட்டாரத்து அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்தால் வலுவான நியோடிமியம் காந்தம் கிடைக்கும். ஓர் உறிஞ்சுகுழலின் இரு முனைகளிலும் திராட்சைப் பழத்தைச் செருகி, நடுவில் நூல் கட்டி, காற்று வீசாத இடத்தில் தொங்கவிடுங்கள். காந்தத்தைப் பழத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அது மெல்ல விலகிப்போகும். பக்கத்திலேயே ஓடைக் கறுப்பு மணலையும், இன்றைய ஒரு ரூபாய் நாணயத்தையும், வீட்டு டம்ளரையும், ஒரு விரலி மஞ்சளையும் வைத்து மாணவர்களையே சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.