மூட்டை கட்டும் இடத்தை எட்டிப் பார்ப்போமா?

முக்கொம்பு என்றதும் திருச்சிக்காரர்களுக்குப் பூங்காவும் பொரித்த மீனும் ஆடிப்பெருக்குக் கூட்டமும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது மணல் மூட்டை! சாதாரணச் சாக்கு, உள்ளே ஆற்று மணல், வாயில் ஒரு தையல். அவ்வளவுதான். ஆனால் 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டி முடித்த மேலணையின் 45 மதகுகளில் 9 உடைந்து தண்ணீரோடு போனபோது, டெல்டாவே அந்த மூட்டையைத்தான் நம்பி நின்றது.

நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜூலையிலேயே மேட்டூர் நிரம்பிவிட்டது. ஆகஸ்டில் வினாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்கு வந்த தண்ணீரில், ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களே உட்கார்ந்துவிட்டன. நான்கு நாள் கழித்து முக்கொம்பில் மதகுகள் போயின. காவிரியில் பிரிந்து வாய்க்கால்களுக்குப் போக வேண்டிய தண்ணீர் உடைப்பு வழியாகக் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. சம்பாவுக்குத் தண்ணீர் வேண்டிய நேரம்! லாரி லாரியாகப் பாறாங்கல் வந்தது. இரவிலும் விளக்குப் போட்டு ஆட்கள் மூட்டை அடுக்கினார்கள்.

மூட்டை நிரப்புவதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சாக்கைக் கழுத்துவரை நிரப்பக் கூடாது. நிரப்பினால் விறைத்துக்கொண்டு உருண்டையாக நிற்கும். பக்கத்து மூட்டையோடு சேராது. இடுக்கெல்லாம் தண்ணீர் பீறிடும். மூன்றில் இரண்டு பங்கு மணல் போதும். அப்போதுதான் மூட்டை தளர்ந்து, கீழே உள்ளதன் மேல் படிந்து உட்காரும். ஒரு வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் இணைப்பு வரக்கூடாது. நிரப்பவும் பிடிக்கவும் தைக்கவும் தூக்கவும் ஒரு சங்கிலியாக ஆட்கள் நிற்க வேண்டும். அந்த வரிசையில் ஒருவர் வேகம் குறைந்தால் எல்லாருக்கும் வேலை நின்றுபோகும். பின்னால் அந்த இடத்தில் 387 கோடி ரூபாயில் புதுக் கதவணை எழுந்தது. அதைப் பார்க்கிறவர்கள் படம் எடுக்கிறார்கள். அதற்கு முன் தண்ணீரை மறித்து நின்ற சாக்குகளுக்கு யாரும் படம் எடுத்து மாட்டவில்லை!

இதில் ஒரு அதிசயம். அதே ஆகஸ்டில் தமிழ்நாட்டில் வேறொரு மூட்டையும் ஊர் ஊராகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. கேரள வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருந்த நேரம். இங்கே நம் ஆறே கரை புரள்கிறது, அந்த நேரத்திலும் இங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக அரிசி லாரிகள் போகின்றன. நிவாரணப் பொருள்களை ரயில்வே கட்டணமில்லாமல் ஏற்றிச் சென்றது. விழுப்புரத்தில் ஒரு சின்னப் பெண், சைக்கிள் வாங்க நான்கு வருடம் சேர்த்த உண்டியல் காசை அப்படியே கேரளாவுக்குக் கொடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்து ஹீரோ சைக்கிள் நிறுவனமே அவளுக்குச் சைக்கிள் தருவதாகச் சொன்னது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை தட்டத் தோன்றுகிறது.

சரி, இப்போது திரைக்குப் பின்னால் போவோம். நிவாரணப் பொருள் சேர்க்கிற இடம் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடமாகவோ கல்யாண மண்டபமாகவோ இருக்கும். வாசலில் பேனர். உள்ளே போனால்தான் உண்மையான திருவிழா! ஒரு மூலையில் அரிசி, பருப்பு. இன்னொரு மூலையில் மருந்து. காலாவதித் தேதி பார்க்க ஒரு மருந்தாளுநர் உட்கார்ந்திருப்பார். நடுவில் துணி மலை. அந்த மலைதான் எல்லாருக்கும் பயம். பட்டன் இல்லாத சட்டை, ஜரிகை கிழிந்த பட்டுப் பாவாடை, ஒற்றைக் கால் செருப்பு எல்லாம் அதில் வரும். பத்துப் பேர் நாள் முழுக்கப் பிரித்தாலும் மலை குறையாது. அந்தப் பத்துப் பேர் பருப்பு கட்டியிருந்தால் எத்தனை குடும்பத்துக்குப் போயிருக்கும்!

"அக்கா, இதுல நாப்கின் இருக்கு, மேல பெருசா எழுதிருங்க." "அண்ணே, தார்ப்பாய் வந்துச்சா?" இப்படித்தான் பேச்சு போகும். பெட்டியின் மேல் உள்ளே இருப்பதை எழுதுவது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். எழுதாத பெட்டி, போய்ச் சேர்ந்த ஊரில் இருட்டில் பிரிக்கப்படும். பிரித்தது மழையில் நனையும்.

லாரியில் ஏற்றுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. முதலில் இறக்க வேண்டியதைக் கடைசியில் ஏற்ற வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது டெல்டாவுக்கு ஓடிய வண்டிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரிந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, வேதாரண்யம் பக்கம் ரோடு தெரியாத அளவுக்குத் தென்னை விழுந்து கிடந்தது. அரிசி மூட்டைக்கு முன்னால் போக வேண்டியது மரம் அறுக்கும் மிஷின்! அதற்கு அடுத்து ஜெனரேட்டர். கரண்ட் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. ஊருக்கே குடிதண்ணீர் கிடையாது. ஒரு ஜெனரேட்டர் தெருத் தெருவாகப் போய்த் தொட்டி தொட்டியாக நிரப்பியது. பிறகு தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, பாய். அரசு கொடுத்த நிவாரணத் தொகுப்பில் 27 வகைப் பொருள்கள் இருந்தன.

அந்த நாட்களில் லாரிக்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று இருக்கிறது. மெயின் ரோட்டு ஊர்களில் வண்டி நின்றுவிடும். பசித்த சனம் மறிக்கத்தான் செய்யும், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குடியிருப்புக்கு ஒன்றும் போய்ச் சேராது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஒரு பைக்கை உள்ளே விட்டார்கள். எத்தனை வீடு, எத்தனை கைக்குழந்தை, யாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனது என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லி, அப்புறம் சின்ன வண்டியில் சரக்கை அனுப்பினார்கள். அந்த நோட்டுதான் நிவாரணத்தின் மூளை என்பேன்!

இப்போது என்னைத் துள்ள வைக்கிற செய்தி. ஆகஸ்டில் தமிழ்நாடு கேரளாவுக்குக் கொடுத்தது, நவம்பரில் கேரளாவிலிருந்து திரும்பி வந்தது. கேரள அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. அவர்களுடைய மின்வாரிய ஊழியர்கள் வந்து நம் வயல்களில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்த நேரம் அது. கிரேன் போகாத சேற்றில், தோளில் கம்பத்தைச் சுமந்துகொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்த நம்மூர் லைன்மேன்களையும் அவர்களோடு சேர்த்தே கும்பிட வேண்டும்.

கஜாவுக்கு எட்டு நாள் முன்பு, அதே நவம்பர் 8-இல், கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊரைக் காட்டுத் தீ தின்றுவிட்டது. 85 பேர் இறந்தார்கள்; 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பல். பக்கத்து ஊரான சிக்கோவில் ஒரு வால்மார்ட் கடையின் கார் நிறுத்துமிடம் கூடார ஊராக மாறியது. அங்கேயும் துணி மலை! பூமியின் அந்தப் பக்கமும் அதே தலைவலி. ஆனால் அங்கே ஒருவர் வேறு விதமாக யோசித்தார். சான் டியாகோ தொழிலதிபர் பாப் வில்சன், பாரடைஸ் உயர்நிலைப் பள்ளியின் 980 மாணவர்களுக்கும் 105 ஊழியர்களுக்கும் தலைக்கு ஆயிரம் டாலர் காசோலை கொடுத்தார். என்ன வாங்குவது என்பதை அந்தப் பிள்ளைகளே முடிவு செய்தார்கள். எத்தனை பெரிய மரியாதை அது! வீடு எரிந்தவருக்கு என்ன வேண்டும் என்பது வீடு எரிந்தவருக்குத்தான் தெரியும்.

தீயோ வெள்ளமோ, லாரிகள் நின்ற பிறகுதான் நீண்ட வேலை தொடங்குகிறது. ரேஷன் கார்டு, பட்டா, பத்தாம் வகுப்பு மார்க்ஷீட் எல்லாம் போயிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் சிறப்பு முகாம் போட்டு இவற்றுக்குக் கட்டணமில்லாமல் நகல் கொடுத்தார்கள். கொண்டாட வேண்டிய வேலை அது. ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற தன்னார்வலர், பத்து அரிசி மூட்டை தூக்கியவருக்குச் சமம்.

தென்னையைப் பாருங்கள். விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 என்று அரசு கணக்குப் போட்டது. ஒரு எக்டேருக்கு 175 மரம் என்றால் 1,92,500 ரூபாய். ஆனால் நெட்டை ரகக் கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். 2018-இல் விழுந்த தோப்பில் மறு வருடமே நட்டிருந்தாலும் 2025-க்குப் பிறகுதான் ஓரளவு வருமானம். அதுவரை அந்தக் குடும்பம் எதைத் தின்பது? கன்று தேர்ந்தெடுக்க உதவியவர்கள், இடையில் உளுந்தும் வாழையும் போடச் சொல்லிக் கொடுத்தவர்கள், பட்டுக்கோட்டை பக்கத்து வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் நிவாரணப் பணியாளர்கள்தான். கேமரா போன பிறகும் அந்த வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எங்கேயாவது ஆறு உடைந்தாலோ குடிசைகள் எரிந்தாலோ, பீரோவைத் திறப்பதற்கு முன் அந்த மாவட்டத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு, 1077-க்கு, ஒரு போன் போடுங்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள். பணம் கேட்டால் பணமே கொடுங்கள். பொருள் கேட்டால் புதிதாக வாங்கி, பெட்டியின் மேல் எழுதி அனுப்புங்கள். நேரம் இருந்தால் மண்டபத்துக்குப் போய் ஒரு நாள் பருப்பு கட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஊருக்கு இன்னொரு முறை போன் போட்டு, இப்போது என்ன வேண்டும் என்றும் கேளுங்கள்.